பன்னிரண்டு வீட்டு அரிசி

எட்டு வீடு என்று சொல்ல வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வீடு என்று சொல்லிவிட்டேன். பெண்கள் கூட்டத்தில் நான் எழுந்து நின்று வாய் திறப்பது மாசத்தில் அந்த ஒரு தடவைதான். அதுவும் இப்படிப் போயிற்று.

பிடியரிசி என்று எங்கள் வேதக்கார வீடுகளில், அதாவது கிறிஸ்தவ வீடுகளில், ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுகிறதுக்கு முன்னே ஒரு பிடி எடுத்துப் பக்கத்துச் சட்டியில் போட்டுவிட வேண்டும். வீட்டில் அரைவயிறுதான் என்றாலும் போட வேண்டும். சனிக்கிழமை ஒருத்தி பையோடு வருவாள், சேர்ந்ததைத் தட்டிக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்தில் பீடத்துக்கு முன்னால் இருக்கும். பிறகு உபதேசியார் வீட்டு அடுப்புக்குப் போகும். கல்யாணமாகி வந்த மறு வருஷம் அந்தப் பை என் கைக்கு வந்தது. வேறு யாரும் கேட்கவில்லை, நானும் விடவில்லை. பேச வேண்டாத வேலை. பையை விரித்துப் பிடித்தால் போதும்.

அன்றைக்கு இருபத்தாறு வீடு. பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். சிலர் கல்ஃபுக்கு, சிலர் கானடாவுக்கு, சிலர் பிள்ளைகளின் படிப்புக்கு என்று நாகர்கோவிலுக்கு. எல்லாரும் போகும்போது என்னிடம் ஒரே சொல்தான் சொன்னார்கள்: "இன்னா வந்திருவோம்." என் மகன் மஸ்கட்டில், மகள் கானடாவில். அவர்களும் அதைத்தான் சொன்னார்கள். கடைசியில் எட்டு வீடு மிஞ்சியது. எட்டிலும் கிழடுகள்தான்.

பத்து வீட்டுக்குக் கீழே போன சபையைப் பெரிய சபையோடு சேர்த்து, ஆலயத்தைப் பூட்டிவிடலாம் என்று, சுற்றுவட்டச் சபைகளை எல்லாம் பார்க்கிற சேகரக் கமிட்டியில் பேச்சு வந்தது. பெரிய சபைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, முட்டுவலிக்குத் தைலம் போட்டுக்கொண்டு போகலாம். என் வீட்டுக்காரர் எங்கள் ஆலயத்துக்குப் பின்னால் கிடக்கிறார். பக்கத்தில் எனக்கு என்று ஒரு ஆள் இடம் விட்டிருக்கிறது. பூட்டிப்போட்ட ஆலயத்துக்குப் பின்னால் வந்து எனக்கு யார் குழி வெட்டுவார்கள்? இதை நினைத்தால் சோறு இறங்காது. எங்கள் பக்கத்தில் பயத்துக்குப் பேடி என்று சொல்வோம். பயம் வந்து போகும். பேடி உள்ளே குடியிருக்கும்.

இனி அந்த நாலு வீட்டுக் கதை.

எங்கள் சந்து முடிந்து ரப்பர் தோட்டம் தொடங்குகிற இடத்தில், முன்பு ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்த ஒரு புரை உண்டு. ஓடு போட்ட நீளக் கட்டிடம். தோட்டக்காரர் அதை நாலு அறையாகத் தடுத்து, ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்கு வந்த ஜார்கண்டுக்காரர்களை நாலு குடும்பமாக அதில் வைத்தார். நம் ஆட்கள் யாரும் இப்போது பால் வெட்ட வருவதில்லை. விடியற்காலம் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு அவர்கள் மரத்துக்கு மரம் போவது என் அடுக்களை சன்னலில் தெரியும். முகம் தெரியாது, வெளிச்சம் மட்டும் நடக்கும். நான் சன்னலைச் சாத்திவிடுவேன்.

மகன் போனில் வேறு சொன்னான்.

"எம்மா, அந்த வடக்கத்தி ஆளுவ இருக்கிய பக்கம் போவாத, கேட்டியா? வாட்சப்புல வருது. பிள்ளைபிடிக்காரனுவளாம்."

"எனக்கு எழுவத்தி மூணு வயசு மக்கா. என்னை எவன் பிடிப்பான்?"

"வெளையாடாத. கதவைப் பூட்டித் தொறவலைத் தலையணைக்கு அடியில வச்சுக் கிட."

சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். வைத்ததும் எழுந்து போய்க் கதவை இரண்டாம் தடவை பார்த்தேன். மஸ்கட்டில் என் மகனைப் பார்த்தும் எவளாவது ஒருத்தி கதவைச் சாத்துவாளோ என்று அப்புறம் தோன்றியது. தோன்றினாலும் கதவைத் திறக்கவில்லை.

ஆடி மாசத்து ஒரு சனிக்கிழமை. பையில் ஏழு வீட்டு அரிசி. எட்டாவது வீட்டுக்குப் போக அந்தப் புரையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். திடீரென்று மழை. குடை இல்லை. புரையின் நாய் குரைத்துக்கொண்டு வந்தது. ஓட முடியவில்லை, அவர்கள் இறவாரத்தில் ஒதுங்கிவிட்டேன்.

கதவு திறந்தது. முப்பது வயது இருக்கும், ஒருத்தி நின்றாள். இடுப்பில் ஒரு பிள்ளை. என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். நனைந்த வெள்ளைச் சேலை, செருப்பில்லாத கால், வளைந்த முதுகு, வாய் திறந்த பை, பைக்குள் அரிசி. உள்ளே போனாள். யாரையோ கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையிலும் அரிசி கொண்டுவந்து என் பையில் போட்டாள்.

எனக்கு வேண்டாம் என்று சொல்ல பாஷை இல்லை. இருந்திருந்தாலும் நாக்கு எழும்பியிராது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவளே வாசலில் நின்றாள். கையில் அரிசி. அடுத்த அறைக்காரியையும் தட்டிக் கூப்பிட்டாள். அதற்கடுத்த வாரம் நாலு அறையும் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து திரும்பி வரும்போது அந்தப் புரைக்குள் ஒரு பாட்டு கேட்டது. வார்த்தை புரியவில்லை, ராகம் எங்கள் ஆலயத்துப் பாட்டின் ராகம். அப்போது எனக்கு விளங்கிவிட்டது. இவர்களும் வேதக்காரர்கள்தான். பிடியரிசி என்று தெரிந்துதான் போடுகிறார்கள். மனசு நிறைந்துபோயிற்று. கூட்டத்தில் கேட்டார்கள், "இந்த மாசம் எத்தனை வீடு?" நான் எழுந்து, "பன்னிரண்டு" என்றேன். யாரும் எந்த வீடு என்று கேட்கவில்லை. பூட்டின வீட்டுக்காரர் யாரோ திரும்பி வந்திருப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள். கமிட்டிக்கும் அந்தக் கணக்கே போயிற்று. பூட்டுகிற பேச்சு அடங்கியது.

ஐப்பசியில் ஒரு நாள் அவள் என் கையைப் பிடித்து உள்ளே இருத்தினாள். ஒரு தட்டில் சோறும் உருளைக்கிழங்குக் குழம்பும் வைத்தாள். என் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள், பிறகு தன் வாயைக் காட்டினாள். தின்னு, தின்னு என்று. நான் தின்று முடித்ததும் ஒரு பழைய ஸ்வெட்டரைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள். நம்ம ஊரில் ஸ்வெட்டர்! என் கன்னத்தைத் தடவி, "பாவம் அம்மச்சி" என்றாள். தோட்டத்தில் பழகின தமிழ்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவள் கண்ணில் நான் ஒரு பிச்சைக்காரி. மூன்று மாசமாக எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாள்.

வெட்கத்தில் காது எரிந்தது. ஆனால் பேடி வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. பன்னிரண்டு என்று சொன்னது பொய். பிச்சை அரிசியைக் காணிக்கை என்று பீடத்துக்கு முன்னால் வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. இப்போது உண்மையைச் சொன்னால் எட்டு வீடு, ஆலயத்தைப் பூட்டிவிடுவார்கள். சொல்லாவிட்டால்? நான் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போனேன். பையை விரித்தேன். அந்தப் பெண் போட்டாள். அடுத்த மாசமும் எழுந்து நின்று பன்னிரண்டு என்றேன். உட்காரும்போது பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரும் ஒரு கமிட்டிக்காரரும் பின்தங்கினார்கள். போதகர் சின்ன வயசுக்காரர், புதிதாக வந்தவர். கமிட்டிக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். வருஷா வருஷம் வடநாட்டு ஊழியத்துக்குக் காணிக்கை கேட்டு மேடையில் கண்ணீர் விடுகிறவர் அவர்தான்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க" என்றார். "பன்னிரண்டு வீடுண்ணு செல்லுதிய. ஆராதனைக்கு எட்டு வீட்டு ஆளுதான் வருது. மத்த நாலு எது? விரலை மடக்கிச் செல்லுங்க பாப்போம்."

நான் மடக்கினேன். எட்டு விரல் மடங்கியது. இரண்டு பெருவிரலும் நீட்டிக்கொண்டு நின்றன.

அடுத்த வீட்டு மைனி பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். என்னைவிட இரண்டு வயது மூப்பு. எனக்கு இல்லாத நாக்கையும் சேர்த்துக் கர்த்தர் அவளுக்கே கொடுத்துவிட்டார்.

"செல்லேன் ஏட்டி. வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"புரையில நாலு வீடு" என்றேன்.

"எந்தப் புரை?"

"ரப்பர் புரை."

கமிட்டிக்காரருக்குப் புருவம் ஏறியது. "வடக்கத்தியானுவளா? அவனுவளா பிடியரிசி தாறான்? வாங்க, போய்க் கேட்டுப்போடலாம்."

அந்த இறக்கத்தை நான் எப்படி இறங்கினேன் என்று ஓர்மை இல்லை. ஆலய வாசலில் கழற்றிய செருப்பை மறந்து வெறும் காலோடு நடந்திருக்கிறேன். போகிற வழியில் கர்த்தரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். புரை பூட்டிக்கிடக்க வேண்டும், எல்லாரும் சந்தைக்குப் போயிருக்க வேண்டும். கேட்கிற கூச்சம் கர்த்தரிடம்கூட எனக்குண்டு, அதனால் சத்தமில்லாமல் கேட்டேன். கிடைக்கவில்லை.

நாய் குரைத்தது. அவள் வெளியே வந்தாள். முன்னால் இரண்டு ஆண்கள், பின்னால் மைனி, நடுவில் நான் தலைகுனிந்து. ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பிள்ளையைக் கீழே இறக்கி விட்டுவிட்டு ஓடிவந்து எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றாள்.

"அம்மச்சி கள்ளி இல்ல" என்றாள். "நாங்க குடுத்து. அம்மச்சி பசி. வீடு இல்ல, ஆள் இல்ல. விடு சாரே. பாவம்."

மைனிக்குத்தான் முதலில் விளங்கியது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள், சிரிப்பை அடக்க.

"அக்கா" என்றார் கமிட்டிக்காரர் மெதுவாக. "இவா உங்களுக்குப் பிச்சையில்லா போட்டிருக்கா. பிச்சை அரிசியையா பீடத்துல வச்சிய?"

நான் அதுவரை பொதுவில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினதில்லை. அந்தப் பெண்ணின் முதுகு எனக்கு முன்னால் இருந்தது. மெலிந்த முதுகு, ரவிக்கையில் ரப்பர்பால் காய்ந்த கறை. அவளும் பயந்துதான் நிற்கிறாள் என்பது அந்த முதுகைப் பார்த்தால் தெரிந்தது. தோட்டக்காரரிடம் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே அவள் பாயைச் சுருட்ட வேண்டும். அது தெரிந்தும் நிற்கிறாள்.

"ஆமா" என்றேன். "பிச்சைண்ணுதான் போட்டா. மொதல்ல எனக்குத் தெரியாது. பொறவு தெரியும். தெரிஞ்சும் வாங்கினேன். ஆலயத்தைப் பூட்டிருவியளோண்ணு பேடி. குத்தம் எனக்கது. அவளுக்கது இல்ல."

போதகர் இந்தியில் அவளிடம் ஏதோ கேட்டார். அவர் இரண்டு வருஷம் வடக்கே ஊழியத்தில் இருந்தவர் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் பாஷை காதில் விழுந்ததும் அவள் தோள் இறங்கியது. இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். நடுவில் அவள் கை வாய்க்குப் போயிற்று. திரும்பி என்னைப் பார்த்தாள். என் உடம்பில் நல்ல சேலை, கையில் வேதப்புத்தகம், கழுத்தில் சின்னச் சங்கிலி. ஞாயிற்றுக்கிழமை என்னை அவள் பார்த்ததே இல்லை. அவள் முகம் சிவந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

போதகர் சொன்னார்: "நாலுல ரெண்டு குடும்பம் அவங்க ஊர்ல ஞானஸ்நானம் வாங்கினவங்க. மத்த ரெண்டும் இல்ல. ஞாயிற்றுக்கிழமை போனைப் போட்டு உள்ளேயே பாடிக்கிறாங்க. ஏன் ஆலயத்துக்கு வரல்லண்ணு கேட்டேன்." கமிட்டிக்காரர் பக்கம் திரும்பினார். "யாரும் கூப்பிடல்லையாம்."

கமிட்டிக்காரர் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இருக்கட்டும் ஐயா. எட்டும் ரெண்டும் பத்துண்ணே வையுங்க. தை மாசம் ரப்பர் இலை உதிர்ந்தா வெட்டு நிக்கும், இவனுவ மூட்டையைக் கட்டுவான். போறவனை நம்பி ஒரு சபையா?"

மைனி வாயிலிருந்து சேலைத் தலைப்பை எடுத்தாள்.

"இருக்கியவன் எவன் ஓய்? உமக்க பிள்ளைய மூணும் எங்க? ஆஸ்திரேலியாவுல இலை உதிரல்லியோ?"

போதகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரிப்பு தெரியாமல் இருக்க. கடைசியில் அவர்தான் சொன்னார், ஈஸ்டர் வரை பார்ப்போம், ஈஸ்டர் அன்று பத்து வீட்டு ஆள் ஆராதனையில் இருந்தால் ஆலயம் இருக்கும், இல்லையென்றால் கமிட்டி சொல்கிறபடி. அரிசி எண்ண வேண்டாம், ஆளை எண்ணுவோம் என்றார்.

அடுத்த சனிக்கிழமை நான் புரைப் பக்கம் போகவில்லை. எந்த முகத்தோடு பையை விரிப்பேன்? ஏழு வீட்டோடு திரும்பிவந்து கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். எட்டாவது வீட்டுக்கும் போகவில்லை. பத்து மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். திறக்கவில்லை. மறுபடி சத்தம். "அம்மச்சி" என்று குரல்.

அவள்தான். கையில் ஒரு கிண்ணம் அரிசி. என் வீட்டை எட்டிப் பார்த்தாள். டி.வி., ஃபிரிட்ஜ், சுவரில் மகள் கானடாவில் பனிக்குள் நிற்கிற படம். "அம்மச்சி முதலாளி" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் கிண்ணத்தை நீட்டி, எங்கே போட வேண்டும் என்று கையால் கேட்டாள்.

சொல்லித்தர வார்த்தை இல்லாததால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். ஆலயத்தைத் திறந்து, பீடத்துக்கு முன்னால் இருக்கிற பித்தளைப் பாத்திரத்தைக் காட்டினேன். அவள் முக்காடு போட்டுக்கொண்டு கிண்ணத்தைக் கவிழ்த்தாள். திரும்பிப் பெஞ்சுகளைப் பார்த்தாள். நாற்பது பெஞ்சு, எட்டில்தான் தூசி இல்லை.

"ஆள் எவிட?" என்றாள்.

"வெளிநாடு."

யோசித்தாள். தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, "நாங்களும்" என்றாள்.

மறுநாளிலிருந்து இரண்டு குடும்பமும் வந்தது. கதவோரக் கடைசி பெஞ்சில், எப்போது எழுந்து போகச் சொல்வார்களோ என்பதுபோல நுனியில் உட்காருவார்கள். எங்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் பையை மடியில் இறுக்கிக்கொண்டார்கள். நான் முன் பெஞ்சில்தான் எப்போதும் இருப்பேன். மூன்றாவது ஞாயிறு எழுந்து பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாக் கண்ணும் முதுகில் ஊர்ந்தது. வேர்த்துவிட்டது.

தை பிறந்தது. இலை சிவந்து உதிர்ந்தது. கமிட்டிக்காரர் சொன்னது சரி, வெட்டு நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் வந்தாள், முதுகில் பிள்ளையைத் துணியால் கட்டி, காலில் புது செருப்பு. வெளியே ஆட்டோ நின்றது. என் கையில் புரையின் தொறவலைக் கொடுத்தாள். பிறகு ஒரு துணிப்பையைத் திறந்தாள். உள்ளே பிளாஸ்டிக் கவரில் முடிந்த அரிசிப் பொதிகள். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து விரல் மடக்கினாள். "சனி. சனி. சனி." பத்துப் பொதி. பத்துச் சனிக்கிழமை. அவள் இல்லாத நாளிலும் அவள் வீடு விடுபடக்கூடாது.

"வரும்" என்றாள். "ஈஸ்டர் முன்னே. வரும் அம்மச்சி."

அந்தச் சொல்லை நான் இந்த வாசலில் நின்று எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன்! தலையை ஆட்டினேன். ஆட்டோ திரும்பும்வரை நின்றேன், பிறகு உள்ளே வந்து பொதிகளை எண்ணினேன். எறும்பு ஏறாமல் இருக்க ஒரு தட்டில் தண்ணீர் விட்டு நடுவில் வைத்தேன்.

மகனிடம் போனில் சொல்லவில்லை. வேறொன்று கேட்டேன். "மக்கா, அங்க உங்க பக்கத்துல ஆலயம் உண்டா? ஆராவது கூப்பிட்டாவளா?"

"இல்லம்மா" என்றான். "ஏன் கேக்க?"

"சும்மா."

சனிக்கிழமை தோறும் ஒரு பொதியை அவிழ்த்துப் பையில் தட்டுகிறேன். புரைக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். நாயை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அதற்குக் கஞ்சி ஊற்றுகிறேன். இப்போது அது என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை. ரப்பரில் புது இலை வந்துவிட்டது, எண்ணெய் தடவினதுபோல மினுங்குகிறது. வேறு தோட்டங்களில் ஆள் வந்து வெட்டுத் தொடங்கிவிட்டதாக மைனி சொன்னாள். விடிகிற முன்னே எழுந்து அடுக்களை சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், மரங்களுக்கு நடுவில் அந்த வெளிச்சம் நடக்கிறதா என்று. முன்பு அது வந்துவிடுமோ என்று பேடி. இப்போது வராமல் போய்விடுமோ என்று.

நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு, அடுத்த ஞாயிறு ஈஸ்டர். இன்றைக்கு ஒன்பதாவது பொதியை அவிழ்த்தேன். தட்டில் இன்னும் ஒன்று இருக்கிறது.